நண்பகல் யூனிட்டின் விலை

பழைய மின்மீட்டரின் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அலுமினியத் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். இரண்டு கம்பிச் சுருள்கள் உண்டாக்கும் காந்தப்புலம் அந்தத் தட்டைத் தள்ளுகிறது. கரண்ட் வீட்டுக்குள் வந்தால் ஒரு பக்கமாகச் சுற்றும். வீட்டிலிருந்து வெளியே போனால் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். மீட்டரை வடிவமைத்தவர்கள் யாரும் இதற்காகத் திட்டமிடவில்லை, இயற்பியல் அப்படி. அமெரிக்காவில் முதன்முதலாகக் கூரையில் சோலார் பேனல் போட்டவர்கள் பகலில் மீட்டர் பின்னோக்கி ஓடுவதைக் கண்டார்கள். மதியம் 10 யூனிட் வெளியே போனது, இரவு 10 யூனிட் உள்ளே வந்தது, கணக்கு பூஜ்யம்.

'நெட் மீட்டரிங்' என்ற ஏற்பாட்டுக்கு இதுதான் தொடக்கம். கலிபோர்னியா 1995இல் இதைச் சட்டமாக்கியது. கொடுத்த யூனிட்டும் எடுத்த யூனிட்டும் ஒரே விலை என்பதுதான் அதன் சாரம். கணக்குப் போட இதைவிட எளிதான விதி கிடையாது. மாநிலத்தில் நூற்றுக்கணக்கான கூரைகளில் மட்டும் பேனல் இருந்தவரை அந்த எளிமை யாரையும் உறுத்தவில்லை. இன்று அங்கே ஏறத்தாழ 20 லட்சம் கூரைகள்.

2022 டிசம்பர் 15 அன்று, மாநிலத்தின் மின்கட்டணங்களை நிர்ணயிக்கும் கலிபோர்னியா பொதுப்பயன்பாட்டு ஆணையம் இந்த விதியை மாற்றியது. 2023 ஏப்ரல் 14 வரை விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய கணக்கு, மறுநாள் முதல் 'நெட் பில்லிங்'. வீட்டிலிருந்து மின்தொகுப்புக்குப் போகும் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 30 சென்ட் வரவு கிடைத்துவந்தது. புதிய கணக்கில் அது சுமார் 8 சென்ட். மாநிலத்தின் மூன்று பெரிய தனியார் மின் நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்குத்தான் இந்த மாற்றம். லாஸ் ஏஞ்சலஸ், சாக்ரமென்டோ போன்ற ஊர்கள் தங்கள் சொந்த மின்வாரியங்களை வைத்திருப்பதால் அவை இதற்குள் வரவில்லை.

இந்த வித்தியாசம் ஒரு வீட்டை எப்படிப் பாதிக்கிறது என்று உருண்டை எண்களில் போட்டுப் பார்க்கலாம். 6 கிலோவாட் பேனல், ஆண்டுக்கு 9,000 யூனிட் உற்பத்தி. வாட்டுக்கு 4 டாலர் என்று வைத்தால் செலவு 24,000 டாலர். அப்போது இருந்த 30 சதவீத மத்திய அரசு வரிச்சலுகையைக் கழித்தால் 16,800. பழைய விதிப்படி 9,000 யூனிட்டும் 30 சென்ட் பெறும். ஆண்டுக்கு 2,700 டாலர் மிச்சம், ஆறு ஆண்டுகளும் சில மாதங்களும் கடந்தால் போட்ட பணம் திரும்பிவிடும்.

புதிய விதியில் அந்த 9,000 யூனிட் இரண்டாகப் பிரிகிறது. வெயில் இருக்கும்போதே வீட்டுக்குள் செலவாகும் யூனிட்டுக்கு மட்டும் பழைய 30 சென்ட் மதிப்பு, ஏனென்றால் அதை வாங்காமல் தவிர்த்திருக்கிறோம். இப்படிச் செலவாவது 40 சதவீதம் என்று கொண்டால் 1,080 டாலர். மீதி 5,400 யூனிட் வெளியே போய் 8 சென்ட் வீதம் 432 டாலர் கொண்டுவரும். மொத்தம் 1,512. பணம் திரும்ப 11 ஆண்டுகள் ஆகும். பேனலின் விலையில் ஒரு சென்ட் கூட மாறவில்லை. ஆனாலும் அந்த வீட்டுக்காரருக்கு சோலார் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை ஏறிவிட்டது.

மின் நிறுவனங்களின் பேராசை என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். லாபக் கணக்கு அதில் இல்லாமல் இல்லை. ஆனால் அடியில் ஒரு நிஜமான பொறியியல் சிக்கலும் இருக்கிறது. மின்சாரம் மல்லிகைப் பூ மாதிரி. முகூர்த்த நாள் விடியற்காலையில் கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் விலைபோகும் பூ, வரத்து குவிந்த சாதாரண நாளின் மதியத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டாது. இரண்டும் ஒரே தோட்டத்துப் பூதான். வசந்த காலத்து கலிபோர்னியாவில் நண்பகலில் வெயில் கொளுத்தும், குளிர்சாதனத் தேவை இன்னும் தொடங்கியிருக்காது. மாநிலம் முழுக்க எல்லாக் கூரைகளும் ஒரே நேரத்தில் கரண்டை வெளியே தள்ளும். மொத்தச் சந்தையில் விலை சில மணி நேரம் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். பெரிய சோலார் பண்ணைகளை வேண்டுமென்றே நிறுத்திவைப்பதும் உண்டு.

மாலை 5 மணிக்கு மேல் எல்லாம் தலைகீழ். சூரியன் இறங்குகிறது, மக்கள் வீடு திரும்புகிறார்கள், அடுப்பும் ஏசியும் ஓடத் தொடங்குகின்றன. மாநிலத்தின் மின்தொகுப்பை நிர்வகிக்கும் அமைப்பு 2013இல் இதை ஒரு வரைபடமாக வெளியிட்டது. மொத்தத் தேவையிலிருந்து சூரிய, காற்று மின்சாரத்தைக் கழித்தால் மிஞ்சும் தேவை பகலில் தொந்தியாகத் தொங்கி, மாலையில் கழுத்தாக நிமிரும். வாத்து வளைவு என்று அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. மூன்று மணி நேரத்துக்குள் 13,000 மெகாவாட் கூடுதலாக ஏற்ற வேண்டியிருக்கும் என்று அன்று கணித்தார்கள். தமிழ்நாட்டின் மொத்த உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைச் சற்றே தாண்டியது என்பதோடு ஒப்பிட்டால் அந்தக் கழுத்து எவ்வளவு செங்குத்து என்று புரியும்.

ஆகவே மதியம் 10 யூனிட் கொடுத்து இரவு 10 யூனிட் வாங்கியவர் கணக்கைச் சமன் செய்துவிட்டார் என்று மீட்டர் சொல்லலாம், மின்தொகுப்பு அப்படிச் சொல்லாது. அந்த இரவு யூனிட்டைப் பெரும்பாலும் ஓர் எரிவாயு நிலையம்தான் தயாரித்தது. அந்த நிலையத்தை நாள் முழுக்கத் தயாராக வைத்திருக்கும் செலவும் கம்பிகளின் செலவும் யார் தலையிலோ விழுகின்றன.

புதிய விதியில் எனக்குப் பிடித்த பகுதி அதன் விலைப்பட்டியல். 8 சென்ட் என்பது வெறும் சராசரிதான். 12 மாதங்கள், ஒவ்வொன்றிலும் 24 மணி நேரம், வார நாளுக்கு ஒன்று வார இறுதிக்கு ஒன்று என ஆண்டுக்கு மொத்தம் 576 விலைகள். அந்த மணி நேரத்தில் அந்த யூனிட் வராமல் போயிருந்தால் மின் நிறுவனத்துக்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்று மதிப்பிட்டு ஒவ்வொரு விலையையும் நிர்ணயிக்கிறார்கள். ஏப்ரல் மாத நண்பகலுக்கு சில சென்ட். செப்டம்பர் மாத வெப்ப அலையில் மின்தொகுப்பு மூச்சுத்திணறும் மாலை ஏழு மணிக்கோ யூனிட்டுக்கு 2 டாலருக்கும் மேல்! சில்லறை விலையைவிடப் பல மடங்கு. அந்த நேரத்தில் பேனல் ஏறக்குறைய எதுவும் தராது என்பதுதான் வேடிக்கை. அதைச் சம்பாதிக்க பேட்டரி வேண்டும்.

விதியின் உள்நோக்கமும் அதுதான், நடந்ததும் அதுதான். முன்பு கலிபோர்னியாவில் பேனல் போட்டவர்களில் பத்தில் ஒருவர் அளவில்தான் பேட்டரியும் சேர்த்து வாங்கினார்கள். புதிய விதிக்குப் பிறகு பாதிக்கும் மேற்பட்டோர் வாங்குகிறார்கள். மதியம் 8 சென்டுக்கு விற்க வேண்டிய யூனிட்டைச் சேமித்து, மாலை 4 முதல் 9 வரையிலான உச்சநேரக் கட்டணத்தைத் தவிர்த்தால் ஒவ்வொரு யூனிட்டிலும் 30 சென்ட் அளவுக்கு மிஞ்சலாம். ஆனால் ஒரு வீட்டு பேட்டரியைப் பொருத்தி முடிக்கப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. பணம் திரும்பும் காலம் குறைய முதலில் செலவு கூட வேண்டியிருக்கிறது. நடுத்தர வருமானக்காரர் இந்த இடத்தில்தான் பின்வாங்குகிறார்.

பேனலை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்பதுகூட மாறிவிட்டது. ஆண்டு முழுவதற்குமான கூட்டுத்தொகைதான் முக்கியம் என்றிருந்தபோது தெற்கு நோக்கிய கூரைதான் பொற்கூரை. இப்போது மேற்கு நோக்கிய பேனல் மொத்தத்தில் கொஞ்சம் குறைவாகத் தந்தாலும், மாலை 5 மணி வெயிலைப் பிடிப்பதால் மதிப்பில் முந்த முடியும். அளவிலும் அப்படியே. வீட்டுக்குள் செலவாகும் முதல் சில யூனிட்டுக்கு 30 சென்ட், கூரையை நிரப்பக் கடைசியாக வைத்த பேனலின் யூனிட்டுக்கு 8 சென்ட். 'இடம் இருக்கும் வரை போடுங்கள்' என்ற பழைய அறிவுரைக்கு இனி அங்கே மதிப்பில்லை.

கடைசித் தேதிக்கு முன் விண்ணப்பங்கள் குவிந்தன, பிறகு சந்தை சரிந்தது. சிறு நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தன. கலிபோர்னியாவில் பிறந்து பல பத்தாண்டுகள் பெயர் பெற்றிருந்த சன்பவர் நிறுவனம் 2024 ஆகஸ்டில் திவால் மனு கொடுத்தது. விதி மட்டும் காரணமல்ல, ஏறிய வட்டி விகிதமும் சேர்ந்து அடித்தது.

கம்பிச் செலவு யார் தலையில் என்ற கேள்விதான் இன்றும் அனல் பறக்கும் விவாதம். பெர்க்லி பல்கலைக்கழகப் பொருளியலாளர் செவரின் போரன்ஸ்டீன் போன்றோர் சொல்வது இது: சில்லறைக் கட்டணத்தில் மின் உற்பத்தியின் பங்கு பாதிகூட இல்லை. மீதி கம்பிகள், காட்டுத்தீ தடுப்பு, ஏழைகளுக்கான சலுகைகள். சோலார் வீட்டுக்காரர் அந்த மீதியையும் கட்டாமல் தப்பிக்கும்போது, அது வாடகைக்குக் குடியிருப்பவர் பில்லில் ஏறுகிறது. சோலார் தரப்பு மறுக்கிறது. கூரையில் உற்பத்தியாகும் மின்சாரம் நீண்ட தூரக் கம்பிகளின் தேவையைக் குறைக்கிறது, கட்டணம் ஏறியதற்கு நிறுவனங்களின் சொந்தச் செலவே காரணம் என்கிறது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. என் கணிப்பில் முதல் வாதம் எண்களில் வலுவானது. ஆனால் 30 சென்டிலிருந்து 8 சென்டுக்கு ஒரே இரவில் குதித்ததை அந்த வாதம் நியாயப்படுத்தாது. ஐந்தாறு ஆண்டுகளில் படிப்படியாக இறக்கியிருக்கலாம். புதிய விதியை எதிர்த்து வழக்கும் நடந்தது: ஆணையத்துக்குச் சாதகமான கீழ் நீதிமன்றத் தீர்ப்பை மாநில உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது.

ஆனாலும் கலிபோர்னியா ஒரு தவறைச் செய்யவில்லை. நெவாடா 2015 டிசம்பரில் வரவு விலையை வெட்டி நிலைக்கட்டணத்தை உயர்த்தியபோது, ஏற்கெனவே பேனல் போட்டிருந்தவர்களையும் அதில் சேர்த்தது. கடன் வாங்கிப் போட்டவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள், பெரிய சோலார் நிறுவனங்கள் மாநிலத்தை விட்டே கிளம்பின. அடுத்த ஆண்டே பழையவர்களுக்குப் பழைய விதியைத் திருப்பித் தந்தார்கள், 2017இல் புதிய சட்டமும் வந்தது. அதே 2015இல் ஹவாய் புதிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் நெட் மீட்டரிங்கை மூடியது. தீவுகளின் சிறிய மின்தொகுப்பு அதற்கு மேல் தாங்காது என்ற நிலை. அங்கே இப்போது பேட்டரி இல்லாமல் பேனல் போடுவோர் அரிது.

தமிழ்நாடும் இந்தப் பாதையில் சற்று நடந்துவிட்டுத் திரும்பியது. 2019இல் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வீடுகளுக்கான நெட் மீட்டரிங்கை எடுத்துவிட்டு, வெளியே போகும் யூனிட்டுக்கு 2 ரூபாய்ச் சொச்சம் மட்டும் தரும் முறையைக் கொண்டுவந்தது. 2021 அக்டோபரில் வீடுகளுக்கு நெட் மீட்டரிங் மீண்டும் வந்தது. நம்மூரில் பேனலின் மதிப்பைத் தீர்மானிப்பது அதைவிடவும், பயன்பாடு கூடக் கூட யூனிட் விலை ஏறும் படிக்கட்டுக் கட்டணம்தான். 3 கிலோவாட் பேனல் இரண்டு மாதத்தில் 700 யூனிட்டுக்கு மேல் தரும். 2024 ஜூலை கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் எரிக்கும் வீட்டின் பில் 4,900 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு, அது ஏறக்குறைய முழுதும் மறைந்துவிடும். 400 யூனிட் எரிக்கும் வீட்டின் பில்லே சுமார் 1,200 ரூபாய்தான், அதற்கு மேல் எதை மிச்சப்படுத்துவது? இரண்டு வீடுகளுக்கும் மத்திய அரசு மானியம் ஒரே 78,000 ரூபாய்.

கலிபோர்னியாவில் 2024 மே மாதம் இன்னொரு விதி வந்தது. பெரும்பாலான வீடுகளுக்கு மாதம் 24.15 டாலர் நிலைக்கட்டணம், அதற்கு ஈடாக யூனிட் விலையில் சில சென்ட் குறைப்பு. சோலார் பற்றி அதில் எதுவும் இல்லை. ஆனால் யூனிட் விலை குறையக் குறைய, மிச்சப்படுத்தும் யூனிட்டின் மதிப்பும் குறைகிறது. 2025 கடைசியோடு 30 சதவீத வரிச்சலுகையும் முடிந்தது. மேலே போட்ட கணக்கில் 16,800க்குப் பதில் 24,000 என்று வைத்துப் பாருங்கள், 11 ஆண்டு 16 ஆண்டாகிவிடும்.

பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் கொடுக்கிறார்கள், இடையில் இன்வெர்ட்டரை ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். பழைய நெட் மீட்டரிங்காரர்களுக்கு அவர்கள் விதி 20 ஆண்டுக்கு நிலைக்கும். நெட் பில்லிங்கில் தொடக்கத்தில் சேர்ந்தவர்களுக்கு அந்த 576 விலைகளின் அட்டவணை 9 ஆண்டுக்கு உறுதி. அதன்பின் அன்றைய மதிப்பீடு என்னவோ அதுதான். விற்பனையாளர் மேசைமேல் விரிக்கும் 25 ஆண்டுச் சேமிப்புப் பட்டியலில் பத்தாம் வரியிலிருந்து கீழே இருக்கும் எண்கள் அவரே போட்டுக்கொண்டவை.