பத்திரத்தில் இல்லாத குடிகள்

துமகூரு அருகே நாங்கள் வாங்கிய இரண்டு ஏக்கரின் கிரயப் பத்திரத்தில் நான்கு எல்லைகளும் துல்லியமாக இருக்கின்றன. கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே ஓடை, வடக்கிலும் தெற்கிலும் அடுத்தவர் நிலம். அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்கள் யார் என்ற விவரம் மட்டும் இல்லை.

கர்நாடகத்தில் விவசாயி அல்லாதவர்கள் விளைநிலம் வாங்க நெடுங்காலம் தடை இருந்தது. 2020-ல் நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 79ஏ, 79பி பிரிவுகள் நீக்கப்பட்டதும் பெங்களூரின் மாதச் சம்பளக்காரர்களுக்கும் வழி திறந்தது. வாங்கியவர்கள் முதலில் அழைப்பது ஜேசிபியை. புதரை வழித்துவிட்டு கம்பி வேலி போடுவார்கள். எங்களுக்கும் அந்த யோசனைதான் சொல்லப்பட்டது. காட்டுப்பன்றி புகுந்தால் கடலை மிஞ்சாது என்ற காரணத்தில் நியாயமும் இருந்தது.

ஜேசிபி வருவதற்கு முன் நிலத்தை நன்றாகச் சுற்றிப் பார்த்துவிட நினைத்தோம். நான், கணவர், 12 வயது மகள், மாமியார் என நால்வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போனோம்.

வழிகாட்டி மாமியார்தான். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர். ஓடை மணலில் மயிலின் தடம், வரப்போரம் கீரியின் வளை, கள்ளிச் செடியில் சிக்கிய பாம்புச் சட்டை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கற்குவியல் அருகே மண்ணுளிப் பாம்பு ஒன்று நெளிந்தது. வாலும் தலை போலவே மழுங்கியிருப்பதால் ‘இருதலைப் பாம்பு’ என்று பெயர் வாங்கிய அப்பாவி. விஷம் கிடையாது, எலிதான் இரை. வீட்டில் இருந்தால் பணம் கொட்டும் என்ற மூடநம்பிக்கையால் கடத்தல்காரர்கள் இதைத் தேடி அலைகிறார்கள். மகள் கையில் எடுக்கப் போனாள். மாமியார் தடுத்துவிட்டார்.

பகலில் தெரியாத ஒருவரைப் பற்றிச் சொன்னவர் தெற்கு நிலத்துக்காரர். மேற்கு வேலியில் ‘காடுபாப’ உண்டு என்றார். கன்னடத்தில் காட்டுக் குழந்தை என்று பொருள். தமிழில் தேவாங்கு. மெலிந்தவர்களைக் கேலி செய்ய நாம் பயன்படுத்தும் அதே பெயர்.

மூன்றாவது ஞாயிறு இரவு டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றிக்கொண்டு காத்திருந்தோம். வெள்ளை ஒளி அதன் பெரிய கண்களைத் தொந்தரவு செய்யும். எட்டு மணிக்கு மேல் புங்கமரக் கிளையில் இரண்டு கனல் துண்டுகள் தெரிந்தன. கால் கிலோகூடத் தேறாத உடம்பு. கிளையைப் பற்றிப் பற்றி, அவசரமே இல்லாமல் நடந்து, ஒரு பூச்சியைப் பிடித்துத் தின்றது. மகள் மூச்சுவிடக்கூட மறந்து நின்றாள்.

துமகூரு மாவட்டத்தின் நாகவல்லி கிராமம் தேவாங்குகளுக்குப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டிலும் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே தேவாங்குக்கான முதல் சரணாலயம் அது. ஆனால் ஏராளமான தேவாங்குகள் வாழ்வது சரணாலயத்துக்கு வெளியே, வயலோர வேலிகளில்தான். கிளையோடு கிளை கோத்த மரங்கள்தான் அவற்றின் சாலை. தரையில் இறங்கினால் நாய்க்கும் வண்டிக்கும் இரையாகும் அபாயம். கம்பி வேலியில் நடக்கலாம்; ஒளிய முடியாது, இரையும் கிடைக்காது.

வீட்டில் இரண்டு வாரம் விவாதம் நடந்தது. நிலத்துக்காகக் கடன் வாங்கியிருக்கும்போது ஒரு அடியைக்கூட விடுவதா என்பது கணவரின் கேள்வி. கடைசியில் கணக்குப் போட்டவரும் அவரே. மேற்கு எல்லையின் 300 அடி வேலியை அப்படியே விட்டு, ஏழடி உள்ளே தள்ளிக் கம்பி போட்டால் இழப்பு சுமார் ஐந்து சென்ட். “போகட்டும், அது அவங்க பங்கு” என்றார் மாமியார். அப்படியே கம்பி போட்டோம். பன்றி வரவில்லை. கடலையில் ஒரு பகுதியை மயில்கள் எடுத்துக்கொண்டன.

இப்போது கவலை வேறு. எங்கள் வேலி தெற்கு நிலத்தின் வேலியோடு சேர்ந்து, அதற்கப்பால் உள்ள புளியந்தோப்புவரை போகிறது. அந்தத் தெற்கு நிலம் விலைக்கு வந்திருக்கிறது. வாங்குபவர் வேலியை வழித்துவிட்டால் எங்கள் ஐந்து சென்ட் வெறும் தீவாகிவிடும். அதை வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. பார்க்க வருகிறவர்களை இருட்டும்வரை இருக்கச் சொல்லுங்கள் என்று தரகரிடம் கேட்டிருக்கிறோம். சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சை மகள் அவரிடம் கொடுத்திருக்கிறாள்.