குடியுரிமையும் பிழைப்பும்

இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்களில் இரு சாரார் உண்டு. குடியுரிமையோடு வந்தவர்கள் ஒரு சாரார். அது இல்லாமல் வந்து, நாற்பது ஆண்டுகளாகியும் பெறாதவர்கள் மற்றொரு சாரார். குடியுரிமை வேலைவாய்ப்பை எவ்வளவு மாற்றும் என்பதை இவர்களை வைத்தே அளந்துவிடலாம்.

முதல் சாரார், இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்கள். 1948-ல் இலங்கை கொண்டுவந்த சட்டம் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கியபோது இவர்கள் கையில் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது. 'தாயகம் திரும்பியோர்' என்று பெயரிட்டு அரசு வேலைக்கும் ஏற்பாடு செய்தது. 1968-ல் நீலகிரியில் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள், இன்றைய டான்டீ, இவர்களுக்காகவே உருவானவை. ஆனால் அங்கே கிடைத்ததும் அதே கொழுந்து பறிக்கும் வேலைதான். சமவெளியில் கடன் வாங்கித் தொழில் தொடங்கிய பலர் நொடித்துப்போய், கூலி தேடி மலையேறினார்கள். காகிதம் மட்டும் சோறு போடாது. நிலம், படிப்பு, ஊரில் நாலு பேரைத் தெரிந்திருப்பது எல்லாம் வேண்டும். இருந்தாலும் இவர்களுடைய பிள்ளைகள் படித்தபோது அரசுத் தேர்வு எழுத யாரும் தடை சொல்லவில்லை.

இரண்டாம் சாரார் இலங்கையில் 1983-ல் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பின் அகதிகளாக வந்தவர்கள். 2021-ல் தமிழக அரசு அகதிகள் முகாம்களை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. உதவித்தொகையையும் உயர்த்தி, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் ஆக்கியது. முகாம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள், பொறியியல் படிக்கிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். அரசியல் சாசனத்தின் 16-ஆம் பிரிவு, அரசு வேலையில் சம வாய்ப்பைக் குடிமக்களுக்கே தருகிறது. வழக்கறிஞராகப் பதிவு செய்யவும் பொதுவாகக் குடிமகனாக இருக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு கிடையாது என்பதால் வெளிநாட்டு வேலைக்கும் வழியில்லை. முகாமில் தணிக்கை நடக்கும்போது ஆள் இருந்தாக வேண்டும். வெளியூரில் தங்கி வேலை பார்ப்பவருக்கு இது தலைவலி. வாலாஜாபாத்தில் டிப்ளமோ முடித்தவர் ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது குடியுரிமையைப் பற்றி நினைப்பதே இல்லை. அதே படிப்பு படித்த முகாம் இளைஞருக்கு நேர்முகத் தேர்வில் முதல் தடங்கலே அதுதான். பட்டம் வாங்கிய பின்னும் பெயிண்ட் அடிக்கப் போகிறவர்கள் முகாம்களில் ஏராளம்.

குடியுரிமை பிழைப்பை மாற்றும் என்பதையே வெளிநாட்டு ஆய்வு ஒன்றும் சொல்கிறது. சுவிட்சர்லாந்தின் சில ஊர்களில், குடியுரிமை கேட்டவருக்குத் தரலாமா என்று ஊர்மக்களே வாக்களித்துத் தீர்மானித்தார்கள். மயிரிழையில் வென்றவர்களுக்கும் மயிரிழையில் தோற்றவர்களுக்கும் மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை. அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019-ல் வெளியானது. குடியுரிமை பெற்றவர்களின் வருமானம் அடுத்த 15 ஆண்டுகளில், ஆண்டுக்குச் சராசரியாக 5,000 டாலர் அளவுக்குக் கூடியிருந்தது. அதிகம் பயனடைந்தவர்கள், குறைந்த கூலி வேலைகளில் இருந்தவர்களும் பாரபட்சத்துக்கு ஆளானவர்களும்தான். நீண்ட காலம் இங்கேயே இருக்கப்போகிறவர் என்ற நம்பிக்கை முதலாளிக்கு வருவது ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தியச் சட்டத்தில் வழி குறுகல். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதை வைத்து, மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் உயர் நீதிமன்றம் சென்று கடவுச்சீட்டுக்கு உத்தரவு பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அந்தத் தேதிக்குப் பின் அகதிப் பெற்றோருக்குப் பிறந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. உரிய ஆவணமின்றி வந்தவர்களைச் சட்டம் 'சட்டவிரோதக் குடியேறி' என்பதால், பதிவு செய்தோ இயல்புரிமை கோரியோ குடியுரிமை பெறும் வழியும் அடைபட்டிருக்கிறது. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு உத்தரவிட்டது. சிறைப் பயம் போனது, குடியுரிமை வரவில்லை. அதைத் தரும் அதிகாரம் மாநில அரசுக்குக் கிடையாது, மத்திய அரசுதான் முடிவெடுக்க வேண்டும்.