தள்ளுபடிக் கணக்கும் எக்செல்லும்

தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதம் தள்ளுபடி என்றால் 1000 ரூபாய்ச் சேலை 700. இது எளிது.

ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் என் அப்பா, சேலத்தில் ஒரு கடையில் "20 சதவீதம், அதன்மேல் 10 சதவீதம்" என்ற போர்டைப் பார்த்து 1000 ரூபாய்க்குத் துணி எடுத்தார். பில் 720. "படிக்காதவன்னு 20 ரூவா ஏமாத்திட்டாங்கடா" என்று வருந்தினார்.

லேபில் எக்செல்லைத் திறந்தேன். ஏ2-வில் 1000, பி2-வில் 20%, சி2-வில் 10%. டி2-வில் இந்த ஃபார்முலா:

=A2*(1-$B$2)*(1-$C$2)

விடை 720! இரண்டாவது தள்ளுபடி மீதி 800-க்குத்தான். ஆக மொத்தம் 28 சதவீதமே. டி2-வைக் கீழே இழுத்தால் மற்ற விலைகளுக்கும் விடை வரும்.

அப்பாவுக்குத் தாளில் போட்டுக் காட்டினேன். "அடுத்த தீபாவளிக்கு நீயும் கடைக்கு வா" என்றார்.