பெயர்ப்பலகையை அல்ல, பிள்ளையின் கைகளைப் பாருங்கள்

எமது பகுதியில் எந்த நேசரியையும் ‘மொண்டிசோரி’ என்றே அழைக்கிறோம். அப்பெயரை எவரும் பலகையில் எழுதிவிடலாம். ஆனால் மரியா மொண்டிசோரி அம்மையார் 1907இல் உரோமாபுரியில் முதற் பள்ளியைத் தொடங்கியது ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காகவே. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களையும் பயிற்றுவித்தார்.

சொறிக்கல்முனையிலோ கல்முனையிலோ, பிள்ளையைச் சேர்க்குமுன் ஒரு காலைப்பொழுது அங்கே இருந்து பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளையும் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒன்றாகப் பழகுகிறார்களா? பிள்ளை தானே தண்ணீர் வார்க்கிறதா, மணிகளை எண்ணுகிறதா, சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவுகிறதா? கொப்பி நிறைய ‘அ, ஆ’ கண்டு மகிழும் பெற்றோர் பலர். மூன்று வயது விரலுக்கு அது பாரம்.

விலையுயர்ந்த உபகரணங்கள் இல்லையே என்று ஒதுக்க வேண்டாம். சிரட்டையும் புளியங்கொட்டையும் அரிசி அளக்கும் சுண்டும் நல்ல ஆசிரியைக்குப் போதும்.

இடம்பெயர்ந்த பிள்ளை முதல் வாரங்களில் பேசாதிருக்கலாம், தாயின் சேலையை விடாதிருக்கலாம். சில நாட்கள் தாயும் உள்ளே இருக்கலாமா என்று கேளுங்கள். அதற்கு முகம் சுளிக்கும் இடம் வேண்டாம்.

பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால், பிறப்பைப் பதிந்த பகுதியின் பிரதேச செயலகத்தில் இப்போதே பிரதி எடுத்து வையுங்கள். முதலாம் தரத்தில் சேர்க்கும்போது கேட்பார்கள்.