பழனி முடியும் ஜெருசலேம் தீர்ப்பும்

மலையடிப் பாதை – 17

தை பிறந்துவிட்டால் வத்தலக்குண்டு சாலையெல்லாம் முருகன் பாட்டுதான். தேனி, பெரியகுளம் பக்கத்துப் பாதயாத்திரைக்காரர்கள் செம்பட்டி, ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடக்கிறார்கள். ராணுவப் பணி முடித்து ஊர் சுற்ற வரும் இஸ்ரேலிய இளைஞர்களும் இதே வத்தலக்குண்டைத் தாண்டித்தான் கொடைக்கானல் ஏறி வட்டக்கானல் போகிறார்கள். நம் ஆட்கள் பழனியில் செய்வது விக்கிரக ஆராதனையா? அந்த இளைஞர்களின் யூத மதச் சட்டம் என்ன சொல்கிறது?

2004 மே மாதம் ஒரு பதில் வந்தது. மணமான வைதிக யூதப் பெண்கள் தலைமுடியை வெளியே காட்டுவதில்லை. பலர் விக் வைத்துக்கொள்வார்கள். அதற்கான முடி திருப்பதியிலிருந்தும் போனது. லண்டனிலிருந்து ஒரு ரப்பி, அதாவது யூத மதகுரு, திருப்பதிக்கே வந்து விசாரித்துப் போனார். முடி இறக்குவதே விக்கிரக வழிபாடு, அதனால் அந்த முடியால் யூதர் பயனடையக் கூடாது என்று ஜெருசலேமில் ரப்பி யோசெஃப் ஷாலோம் எல்யாஷிவ் தீர்ப்புச் சொன்னார். நியூயார்க்கின் புரூக்ளினில் விக்குகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள்.

மறுத்த ரப்பிகளும் உண்டு. முடி சாமி முன்னால் போவதே இல்லையே என்றார்கள். பழனியிலும் அப்படித்தான். தலையில் தண்ணீர் தெளித்துக் கத்தி வைத்ததும் முடி தரையில் விழும். கூட்டி அள்ளி மூட்டை கட்டுவார்கள், பின்னால் ஏலத்துக்குப் போகும். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு மலையேறுகிறவர் வெறுங்கையோடுதான் ஏறுகிறார். ஆனாலும் அவரைக் கேட்டால், "முருகனுக்குக் குடுத்தாச்சு" என்பார். எல்யாஷிவ் நம்மைத் தப்பாகப் படித்துவிட்டார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2008 பிப்ரவரியில் ஜெருசலேமில் இந்து, யூதத் தலைவர்கள் கூடினார்கள். இந்துக்கள் தரப்பில் முன்னின்றவர் மஞ்சக்குடியில் பிறந்த சுவாமி தயானந்த சரஸ்வதி. இந்துக்கள் வணங்குவது ஒரே பரம்பொருளை, சிலைகளை வணங்குவதாகக் கொள்ளக் கூடாது என்றது கூட்டறிக்கை. வேதாந்தத்தின் பதில் அது. 1872-ல் இதே வத்தலக்குண்டில் பிறந்து, 'பிரபுத்த பாரத' இதழின் முதல் ஆசிரியராக இருந்து, 26 வயதில் மறைந்த ராஜம் ஐயர் எழுதியதும் அந்த வேதாந்தத்தைத்தான்.

எனக்கு அது பாதிப் பதில். கடவுள் ஒருவரே என்பதில் பழனிக்கு நடக்கிறவருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் காலில் கொப்புளத்தோடு அவர் பார்க்கப் போவது, போகர் செய்ததாகச் சொல்லும் நவபாஷாணத் திருமேனியை. தண்டத்தோடு நிற்கிற அந்த உருவத்தின் மேல்தான் அவருக்குப் பிரியம். அதை மறைத்து யாரிடமும் நற்சான்று வாங்க வேண்டியதில்லை.

மறைக்கத் தேவையில்லாத வழி யூத மரபிலேயே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பெர்ப்பிஞானில் வாழ்ந்த ரப்பி மெனாகெம் மெய்ரி, நெறியோடு வாழும் மதத்தாரைப் பழங்கால விக்கிரக ஆராதனைக்காரரோடு சேர்க்கக் கூடாது என்றார். அவர் மனதில் இருந்தவர்கள் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும். கடவுளோடு இன்னொன்றைச் சேர்த்து வணங்குவது யூதருக்குத்தான் விலக்கு, பிறருக்கு அல்ல என்ற கருத்தும் ரப்பிகளிடையே உண்டு. இவை இந்துக்களுக்கும் பொருந்துமா என்று ஜெருசலேம் ரப்பி அலோன் கோஷென்-கோட்ஸ்டைன் தனி நூலே எழுதியிருக்கிறார். பொருந்தும் என்பது என் கட்சி.

கொச்சியின் மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய யூத ஜெப ஆலயம், அரண்மனைக் கோயிலை ஒட்டியே நிற்கிறது. பக்கத்துக் கோயில் மணியைக் கேட்டுக்கொண்டே வாழ்ந்த கொச்சி யூதர்களை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)