முன் கார்டைக் கழற்றியாச்சு, திரும்பப் பூட்ட வேண்டுமா?

பதுளையிலோ பண்டாரவளையிலோ ஒரு கெப் வண்டியோ ஜீப்போ முன்பக்க வேலைக்காக கராஜுக்குப் போனால், முதலில் கழற்றுவது பம்பருக்கு முன்னால் பூட்டிய இரும்புக் கார்டைத்தான் (புல் பார்). ரேடியேட்டர் ஒழுகினாலும் சரி, ஹெட்லைட் உடைந்தாலும் சரி, கார்டைக் கழற்றாமல் கை போகாது. வேலை முடிந்ததும் யாரும் கேட்காமலே அது பழைய இடத்துக்குப் போய்விடுகிறது. "இருந்ததுதானே, பூட்டி விடுங்க பாஸ்" என்பதோடு பேச்சு முடிகிறது. அந்த இடத்தில் வாகனச் சொந்தக்காரர் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கார்ட் பூட்டுவதற்கு நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மடுல்சீமை, நமுனுகுலை பக்கத்துத் தோட்டப் பாதைகளில் ஓடுகிறவருக்குத் தெரியும்: இரண்டு பக்கமும் புதர் மண்டி, கிளைகள் வண்டியின் முகத்தில் அடிக்கும். ஹெட்லைட்டும் கிரில்லும் அடிக்கடி மாட்டிக்கொள்ளும். வெல்லவாய, மொனராகலைப் பக்கம் இரவில் மாடும் காட்டுப்பன்றியும் குறுக்கே வரும். கிளையைத் தடுக்க ஒரு மெல்லிய கார்ட் போதும். ஆனால் நம் ரோட்டில் ஓடுகிற பல வண்டிகளில் இருப்பது அதுவல்ல. தடித்த பைப்பை வெல்டிங் வைத்து, சேஸியோடு இறுக்கி, பார்வைக்காகப் பூட்டிய பாரமான இரும்பு.

அந்த இரும்புக்கு முன்னால் நடப்பது யார் என்று பாருங்கள். தோட்டப் பாதையில் நடைபாதை கிடையாது. காலையில் மலைக்குப் போகிற பெண்கள், கொழுந்து நிறுக்கப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் வண்டி போகிற அதே தாரில்தான் நடக்கிறார்கள். இன்றைய வாகனத்தின் பம்பரும் பொனட்டும் ஆள் மீது பட்டால் கொஞ்சமாவது நெளிந்து கொடுக்கும்படி செய்யப்பட்டவை. இரும்புப் பைப் நெளியாது. அடி முழுவதும் அந்தப் பைப்பின் அகலத்துக்குள் உடம்பில் இறங்கும். பெரியவருக்கு இடுப்பில் படுகிற அதே பைப், ஐந்து வயதுப் பிள்ளைக்கு நெஞ்சிலோ தலையிலோ படும். மெதுவாக வந்த வண்டி தட்டினால்கூடப் பிள்ளைக்குப் பலத்த காயம் ஏற்படலாம்.

உலகம் இதைப் பல வருடங்களுக்கு முன்னரே கவனித்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் தனி விதி கொண்டுவந்து, பாதசாரிப் பாதுகாப்புச் சோதனையில் தேறாத முன் கார்டுகளை விற்பதைக் கட்டுப்படுத்தியது. இந்தியாவில் 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சு, இவ்வகைக் கார்டுகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு முரணானவை என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி, நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

"மலை ரோடு, பாதுகாப்புக்கு வேணும்" என்பார்கள். ஊவாவின் மலை ரோட்டில் உயிர் குடிப்பது பள்ளம். 2021 மார்ச் 20 அன்று லுணுகலையிலிருந்து வந்த பஸ் பசறை 13ஆம் கட்டையில் கவிழ்ந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். 2025 செப்டம்பர் 4 இரவு எல்ல - வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்களை ஏற்றிய பஸ், எதிரே வந்த ஜீப்பில் மோதி, வீதியோரத் தடுப்பையும் உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. 15 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட விபத்தில் முன்னால் எத்தனை இரும்பு இருந்தும் பயன் இல்லை. இறக்கத்தில் ஏற்கெனவே வண்டியின் பாரம் முன் சில்லுக்குச் சாய்கிறது. அதற்கு மேல் பாரமான கார்டையும் ஏற்றினால், பிரேக்குக்கு வேலை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. கார்டுக்குக் கொடுக்கிற பணத்தில் பிரேக் லைனர், நல்ல டயர் மாற்றுவதுதான் நம் பாதைக்கேற்ற பாதுகாப்பு.

எயார்பேக் உள்ள வண்டியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மோதலின் வேகத்தைப் பார்த்து எயார்பேக்கை விரிக்கும் சென்சர்கள், தொழிற்சாலை வடிவமைத்த முன்பக்கத்தை வைத்தே கணக்குப் போடுகின்றன. இடையில் சேஸியோடு கட்டிய இரும்பு வந்தால் அந்தக் கணக்கு பிழைக்கலாம்; பை பிந்தியோ தேவையில்லாமலோ விரியலாம். நசுங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டிய பாகம் நசுங்காமல், அந்த அதிர்ச்சி உள்ளே இருப்பவர் கழுத்துக்கு வந்து சேரும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம்தான் இன்னமும் அடிப்படை. 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தின் கீழ், பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் விபத்துக்கு வழிவகுக்கும் மேலதிகப் பொருத்துகளைக் கழற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் தொடங்கினார்கள். பஸ் உரிமையாளர்களும் முச்சக்கர வண்டிச் சங்கங்களும் எதிர்த்தது நினைவிருக்கும். வீதியில் நிறுத்தினால் என்ன குற்றம் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தண்டப்பணத் தாள் தந்தால் 14 நாட்களுக்குள் தபாலகத்தில் கட்டலாம். வழக்கு என்றால் நீதிமன்றத்தில் பேசலாம். வீதியோரத்தில் கையில் காசு கொடுத்துத் தீர்ப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. அப்படிக் காசு கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். கழற்றுவதற்கு முன் கார்டை நாலு பக்கமும் போனில் படம் எடுங்கள். பெட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு, சில நிமிடம் கழித்தே கை வைக்கச் சொல்லுங்கள். பொக் லைட் வயர் கார்டில் கட்டியிருக்கும். அதை அறுக்காமல் கனெக்டரில் பிரிக்க வேண்டும். ஊவாவின் மழைக்குப் பழைய போல்ட் எல்லாம் துருப்பிடித்துக் கிடக்கும். துரு இளக்கும் எண்ணெய் போட்டு ஊற விட்டால் கழன்று வரும். அவசரப்பட்டு கேஸ் கட்டர் வைத்தால் பின்னால் இருக்கிற ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும் போகும். கடைசிப் போல்ட்டைக் கழற்றும்போது இரண்டு பேர் பிடிக்காமல் கார்டை விடக் கூடாது. கராஜில் உதவிக்கு நிற்கும் சின்னப் பையனின் பாதத்தில்தான் அது விழும்.

ஆராய்ந்து பார்த்தும் கிளைக்காக ஒரு கார்ட் வேண்டும்தான் என்றால், மெல்லியதாக, வெளியே நீட்டிய கூர் முனை இல்லாததாக, போல்ட்டில் கழற்றிப் பூட்டக்கூடியதாக வையுங்கள். சேஸியில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். சூடு பட்ட இடத்தில் பெயின்ட் எரிந்து, அங்கிருந்தே துரு தொடங்கும். போல்ட்டின் தலையைத் திருப்பிப் பாருங்கள். 8.8 என்று எண் அடித்திருந்தால் பாரம் தாங்கும் உருக்குப் போல்ட். ஒரு எண்ணும் இல்லாத மலிவுப் போல்ட்டை அங்கே போடக் கூடாது. ஸ்பிரிங் வொஷரோடு இறுக்கிய பிறகும், தோட்டப் பாதையின் குலுக்கலில் அவை தளரும். ஒரு வாரம் ஓடிவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். ஹெட்லைட், சிக்னல் லைட், நம்பர் பிளேட் எதையும் கார்ட் மறைக்கக் கூடாது. வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறும்போது என்ஜின் சூடேறினால், கார்ட் காற்றை மறிக்கிறதா என்று பாருங்கள். சேற்றில் சிக்கிய வண்டியைக் கார்டில் கயிறு கட்டி இழுப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

வேலை பிழைத்துப் போனால் மனம் நொந்து வீட்டுக்கு வந்துவிட வேண்டியதில்லை. என்ன வேலை, என்ன சாமான், என்ன விலை என்று எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய கார்டும் போல்ட்டும் உங்கள் சொத்து. விட்டுப் போவதா கொண்டு போவதா என்று நீங்களே சொல்ல வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, காசு வாங்கிச் செய்யும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். இல்லையென்றால் மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. நட்டஈட்டுத் தகராறு என்றால் மத்தியஸ்த சபைக்கும் போகலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை.

காப்புறுதியை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். கார்ட் போட்டதையும் கழற்றியதையும் கம்பனிக்கு எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி, விபத்து நாளில் கோரிக்கையை மறுக்க அவர்களுக்கு வழி கிடைக்கக் கூடாது. அநியாயமாக மறுத்தால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம்.

பொலிஸ், அதிகார சபை போன்ற அரச இடங்களில் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது. நிர்வாக மொழி சிங்களமாக இருக்கும் இடத்திலும் அந்த உரிமை மாறாது. விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்.

வண்டி ஓட்டாதவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒருவரை வாகனம் அடித்தால், சில ஆயிரம் ரூபாயில் பேசி முடித்துவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி ஒவ்வொரு வாகனத்துக்கும் கட்டாயம். அது அடிபட்டவருக்காகவே இருக்கிறது. நட்டஈட்டு வழக்குப் போட இரண்டு வருட அவகாசம்தான் உண்டு. பணம் இல்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பதுளையிலும் அதற்கு நிலையம் உண்டு. அம்பியூலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள். வண்டியின் இலக்கத்தையும், முன்னால் கார்ட் இருந்தால் அதையும் சேர்த்துப் படம் எடுங்கள். பேச்சுவார்த்தைக்கு உட்காரும் முன் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து, அதன் பிரதியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.