பழைய படங்களைத் தரம் குறையாமல் புதிய ஃபார்மட்டுக்கு மாற்றுவது எப்படி?

நாகர்கோவில் பக்கம் 2000-களின் தொடக்கத்தில் கல்யாணம் நடந்த வீடுகளில், ஆல்பத்துக்குப் பக்கத்தில் ஸ்டூடியோக்காரர் கொடுத்த ஒரு சி.டி.யும் கிடக்க வாய்ப்புண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஆல்பத்தைப் பறிகொடுத்த குளச்சல், மணக்குடிக் குடும்பத்துக்கு, வெளியூர் உறவினர் வீட்டில் தப்பிய சி.டி. ஒன்றே மிச்சமாக இருக்கலாம். அதைத் திறந்து மாற்றும்போது அவசரப்பட்டு ஒரு தவறான பட்டனை அழுத்தினால் படத்தின் தரம் திரும்ப வராது.

முதலில் சி.டி. முழுவதையும் ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்து கொள்ளுங்கள். உள்ளே பெரும்பாலும் பி.எம்.பி., டிஃப், ஜேபெக் ஃபைல்கள் இருக்கும். விண்டோஸ் 3.1 காலத்துப் பெயின்ட்பிரஷ் படம் என்றால் பி.சி.எக்ஸ். ஆகவும் இருக்கலாம்.

பி.எம்.பி. பொதுவாகப் படத்தைச் சுருக்காமல் அப்படியே வைக்கும். 1024 x 768 அளவுள்ள 24 பிட் படத்தில் 7,86,432 பிக்ஸல்கள். ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக ஒரே படம் சுமார் 2.25 எம்.பி. இதை 1996-ல் வந்த பி.என்.ஜி.க்கு மாற்றினால் ஒரு புள்ளிகூட மாறாமல் அளவு குறையும். இதற்கு இர்ஃபான்வியூ போதும். ஃபைல் மெனுவில் பேட்ச் கன்வர்ஷன் பகுதிக்குச் சென்று, படங்களைச் சேர்த்து, பி.என்.ஜி. எனத் தேர்ந்தெடுத்து, வேறொரு போல்டரில் சேமிக்கச் சொல்லுங்கள். நூறு படமானாலும் ஒரே க்ளிக்தான்.

ஜேபெக் சமாச்சாரம் வேறு. ஜெராக்ஸிலிருந்து ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து மங்குவது போல, ஜேபெக்கைத் திறந்து மீண்டும் ஜேபெக்காக சேவ் செய்யும்போது தரம் குறையும். சரி, பி.என்.ஜி. ஆக்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். ஃபைல்தான் பெருக்கும், போன விவரம் திரும்பாது.

இங்கேதான் ஜேபெக் எக்ஸ்.எல். கை கொடுக்கிறது. 2022-ல் ஐ.எஸ்.ஓ. தரமாக வெளிவந்த இந்த ஃபார்மட்டில் லேயர், அனிமேஷன், டிரான்ஸ்பரன்ஸி எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தது இன்னொன்று. பழைய ஜேபெக்கை ஏறக்குறைய 20 சதவீதம் சிறிதாக்கும். வேண்டும்போது அதே பழைய ஃபைலை ஒரு பிட் மாறாமல் திருப்பியும் கொடுக்கும்.

இதற்கான இலவச புரோகிராம் சி.ஜே.எக்ஸ்.எல். கட்டளை கொடுத்து இயக்க வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை. ஜேபெக் கொடுத்தால் இழப்பில்லாமலே மாற்றும். பி.என்.ஜி. கொடுக்கும்போது கவனம்: ‘டி’ ஆப்ஷனுக்குப் பூஜ்யம் என்று தராவிட்டால் கொஞ்சம் தரம் குறைத்துவிடும். பி.எம்.பி.யை இது நேரடியாக ஏற்காது; பி.என்.ஜி. வழியாகத்தான் போக வேண்டும்.

மாற்றியதும் நம்பிவிடாதீர்கள். ஒரு படத்தை டி.ஜே.எக்ஸ்.எல். மூலம் திரும்ப ஜேபெக் ஆக்கி, விண்டோஸின் எஃப்.சி. கட்டளையை ‘பி’ ஸ்விட்ச்சுடன் கொடுத்து மூலத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இல்லை என்று வந்தால் சரி.

ஸ்டூடியோக்காரர் அச்சுக்காக சி.எம்.ஒய்.கே. வண்ணத்தில் கொடுத்த டிஃப் படங்களைத் தொட வேண்டாம். பி.என்.ஜி.யில் அந்த வண்ண முறையே கிடையாது; மாற்றினால் நிறம் பிசகும். பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பழைய தமிழ் ஸ்டூடியோ படங்களைப் பாதுகாத்த புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் போன்ற இடங்களிலும் மூலப்படத்துக்கு டிஃப்தான்.

ஜேபெக் எக்ஸ்.எல்.லை ஆப்பிளின் சஃபாரி 2023 முதல் திறக்கிறது. கூகுளோ சோதனையாகச் சேர்த்திருந்ததைக் குரோமிலிருந்து நீக்குவதாக 2022-ல் அறிவித்து, 2025-ல் மனம் மாறியது. எனவே துபாயில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்ப ஜேபெக் காப்பி ஒன்று தனியே எடுத்துக் கொள்ளுங்கள். சி.டி.யில் இருந்து எடுத்த மூல ஃபைல்களை இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் வையுங்கள்; அவற்றில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.